சுண்டைக்காய் கால் பணம்: சிறு வழக்கின் செலவுக் கணக்கும் பெண்களும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழியை நம் வீடுகளில் அடிக்கடி கேட்டிருப்போம். சந்தைக்காகப் பிறந்த இந்தச் சொல் நீதிமன்றத்துக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம், சீட்டு பிடித்தவர் தராமல் இழுத்தடிக்கும் தொகை, திருமணத்துக்கு இரவல் போய்த் திரும்பி வராத நகை, வீட்டைக் காலி செய்த பிறகும் கிடைக்காத முன்பணம், புகுந்த வீட்டார் நிறுத்திவிட்ட ஜீவனாம்சம் என்று பெண்கள் கேட்டு நிற்கும் தொகைகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றைச் சட்டப்படி கேட்க எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தவுடன், “போனது போகட்டும்” என்று வீட்டில் ஒரு குரல் எழும். அந்தக் குரலை நாம் பெண்ணின் பொறுமை என்றும் பெருந்தன்மை என்றும் பாராட்டிப் பழகியிருக்கிறோம். பல நேரங்களில் அது வெறும் கூட்டல் கழித்தல்தான். வழக்கின் செலவு வழக்கின் தொகையை விழுங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கு தானாக அப்படி அமைந்துவிடவில்லை. எந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு கட்டணம், எதை எப்படி மதிப்பிடுவது, யாருக்கு விலக்கு என்பதையெல்லாம் சட்டம் இயற்றியவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அப்படி எழுதிய அவைகளில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் ஒரு பெண்கூட இல்லை. நீதிமன்றக் கட்டணத்தின் வரலாற்றைப் பெண்களின் பக்கத்திலிருந்து படிக்கும் முயற்சி இது.

வாசலில் வைக்கப்பட்ட உண்டியல்

நீதிமன்றக் கட்டணம் பற்றிய தீர்ப்புகளும் ஆணைய அறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே கதையோடு தொடங்குகின்றன. ஆங்கிலேயர் வருவதற்கு முன் நீதி வழங்குவது அரசனின் கடமையாக இருந்தது, அதற்கு முன்கூட்டிக் கட்டணம் கிடையாது என்பது அந்தக் கதை. இதில் உண்மை உண்டு. தோற்றவரிடமிருந்து அரசன் தண்டம் வாங்கும் முறை தரும சாத்திரங்களில் பேசப்படுகிறது. வாதியிடம் வாசலிலேயே பணம் வாங்கும் முறை கம்பெனி ஆட்சியோடு வந்தது. ஆனால், அந்தப் பழைய ‘இலவச’ நீதியின் வாசலுக்கு யாரெல்லாம் வர முடிந்தது என்ற கேள்வியை இந்தக் கதை கேட்பதில்லை. நிலமும் சாதியும் உள்ள ஆண்கள் கூடிய சபைகளில் பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் காசில்லாமலே கதவு சாத்தியிருந்தது. ஆகவே இழந்த பொற்காலம் ஒன்றைத் தேட வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஒரு தடை இன்னொரு தடையாக மாறிய விதத்தைப் பார்த்தால் போதும்.

1795-இல் வங்காளத்தில் வந்த ஒழுங்குமுறைச் சட்டம், வழக்குத் தொடுக்கும்போதே கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. அதற்கு அதன் முகவுரை சொன்ன காரணம், அடிப்படையற்ற வழக்குகள் நீதிமன்றங்களில் குவிவதைத் தடுப்பது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1835-இல், மெக்காலே இந்த முகவுரையைக் கடுமையாகக் கேலி செய்தார். கட்டணம் பொய் வழக்கை மட்டும் தேடிப் பிடித்துத் தடுக்காது. காசுள்ளவனின் பொய் வழக்கு உள்ளே வரும், காசில்லாதவனின் உண்மை வழக்கு வெளியே நிற்கும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். இந்தியக் கல்வி பற்றி மெக்காலே எழுதியதை நாம் மறுக்கலாம். இந்த ஓர் இடத்தில் அவருடைய தர்க்கம் சரி. ‘காசில்லாதவன்’ என்பதோடு ‘காசில்லாதவள்’ என்பதையும் அவர் சேர்க்கவில்லை. அதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னையில் சிறு தொகைகளுக்கான தனி மன்றங்களும் பழையவை. 1753-ஆம் ஆண்டின் அரசப் பட்டயம் 5 வராகனுக்கு மேற்படாத கோரிக்கைகளுக்கென்று ஒரு சிறு மன்றத்தை ஏற்படுத்தியது. கிராமங்களில் 1816 முதல் மணியக்காரரே கிராம முன்சீப் ஆகி, 10 ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரித்தார். 1850-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாகாணத் தலைநகரங்களில் சிறு வழக்கு நீதிமன்றங்கள் அமைந்தன. ஏழைகளுக்கு அருகில், விரைவில், மலிவில் நீதி என்பதே இவை எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்ட நோக்கம். கிராம முன்சீப் நிலமுள்ள சாதியைச் சேர்ந்த ஆண் என்பதையும், ஒரு கூலிப் பெண்ணின் எதிர்வழக்காடி அவருடைய பங்காளியாகவே இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த அருகாமையின் விலை புரியும்.

சிறியதற்குப் பெரிய கட்டணம்

‘மலிவு’ என்ற சொல்லை 1882-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரச் சிறு வழக்கு நீதிமன்றச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தச் சட்டம் அனுமதித்த உச்சக் கட்டணம் இது: 500 ரூபாய் வரையிலான கோரிக்கைக்கு ரூபாய்க்கு 2 அணா. அதாவது 12.5 சதவீதம். 500 ரூபாய்க்கு மேற்பட்டால், முதல் 500 ரூபாய்க்கு 62 ரூபாய் 8 அணா, மீதித் தொகைக்கு ரூபாய்க்கு 1 அணா மட்டும். 40 ரூபாய் கேட்டு வருபவர் 5 ரூபாய் கட்ட வேண்டும். அது எட்டில் ஒரு பங்கு. 2,000 ரூபாய் கேட்கும் வணிகர் 156 ரூபாய் 4 அணா கட்டினால் போதும்; அது எட்டு சதவீதத்துக்கும் குறைவு. தொகை சிறியதாக ஆக ஆக, ஒவ்வொரு ரூபாயின் மீதும் விழும் சுமை கூடுகிறது. இதுதான் ஏழைகளின் நீதிமன்றத்தில் எழுதிவைக்கப்பட்ட விலைப்பட்டியல்.

மற்ற உரிமையியல் நீதிமன்றங்களுக்கு 1870-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம் பொருந்தியது. அதற்கு முந்தைய கட்டணங்கள் மிக அதிகமாக இருந்து வழக்குகளையே முடக்கியதால், குறைப்பதற்கென்று கொண்டுவரப்பட்ட சட்டம் அது. அதன் படி 5 ரூபாய்க் கோரிக்கைக்கு 6 அணா. 1,000 ரூபாய் வரை இதே விகிதம்தான், 7.5 சதவீதம். அதற்கு மேல் நூற்றுக்கு 5 ரூபாய், பிறகு இன்னும் குறைவு. உச்சியில் ஒரு வரம்பும் இருந்தது: எவ்வளவு பெரிய வழக்கானாலும் 3,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் இல்லை. பத்து லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள ஜமீனுக்காக மோதும் பங்காளிகள் 0.3 சதவீதம் கட்டினார்கள். 50 ரூபாய் கேட்டவர் 7.5 சதவீதம் கட்டினார். மன்னர்களும் ஜமீன்தார்களும் தலைமுறை தலைமுறையாக வழக்காடியதற்குப் பணபலம் மட்டும் காரணமில்லை. சட்டமும் அவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்தது.

பெண்களின் கோரிக்கைகள் ஏன் பட்டியலின் அடிப்பகுதியிலேயே நின்றன? சொத்துரிமைதான் காரணம். 1937-ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை, ஆண் வாரிசுகள் உள்ள கூட்டுக்குடும்பத்து இந்து விதவைக்குக் கணவனின் பங்கில் இடமில்லை. சோறும் துணியும் கேட்கும் உரிமை, அதாவது ஜீவனாம்சம், மட்டுமே இருந்தது. 1937-இல் கிடைத்ததும் ஆயுள்கால உரிமைதான். மகள்களுக்குப் பிறப்புரிமையாகப் பங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005-இல். சம்பாதித்த கூலியின் நிலையும் வேறல்ல. மணமான பெண்ணின் ஊதியம் அவளுடைய தனிச்சொத்து என்று 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் சொன்னது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை அந்தப் பிரிவிலிருந்து அதுவே விலக்கி வைத்தது. நிலமும் வீடும் ஆண்களின் பெயரில் இருந்த ஊரில் பெண் கேட்கக் கூடியது சிறு தொகை. சிறு தொகைக்குப் பெரிய சதவீதம். இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் படித்தால்தான் இது கண்ணில் படுகிறது.

ஐந்து ரூபாய் கேட்ட விதவை

இந்தக் கணக்கில் மிகக் கொடுமையான இடம் ஜீவனாம்ச வழக்கு. சிறு வழக்கு நீதிமன்றங்கள் எளிய நடைமுறையும் விரைவான தீர்ப்பும் கொண்டவை. ஆனால் மாகாணச் சிறு வழக்கு நீதிமன்றங்களுக்கான 1887-ஆம் ஆண்டுச் சட்டம், அவை எடுத்துக்கொள்ளக் கூடாத வழக்குகளின் நீண்ட பட்டியல் ஒன்றைப் பின்னிணைப்பாகத் தந்தது. அதில் ஜீவனாம்சம் தொடர்பான வழக்கும் ஒன்று. கடன் பத்திரத்துக்கு விரைவு வழி. சோற்றுக்குச் சுற்று வழி. விதவை முன்சீப் கோர்ட்டில் முழு நடைமுறைப்படி பிராது போட வேண்டும்.

அந்தப் பிராதின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது? 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஓர் ஆண்டுக்குக் கேட்கும் ஜீவனாம்சத்தைப் பத்தால் பெருக்கச் சொன்னது. மாதம் 5 ரூபாய் கேட்கும் விதவையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 ரூபாய். பத்தால் பெருக்கினால் 600. அதற்கு 7.5 சதவீதக் கட்டணம் 45 ரூபாய். அவள் கேட்பது மாதம் 5 ரூபாய். கேட்பதற்கான அனுமதிக் கட்டணம் ஒன்பது மாத ஜீவனாம்சம். வயிற்றுக்கு இல்லை என்று சொல்ல வருபவளிடம், ஒன்பது மாதச் சாப்பாட்டுப் பணத்தை முதலில் எடுத்து வை என்றது சட்டம். இதற்குப் பிறகு வக்கீலுக்கு, குமாஸ்தாவுக்கு, பேட்டாவுக்கு என்று வேறு.

1955-இல் சென்னை மாகாணம் இயற்றிய நீதிமன்றக் கட்டணம் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம் இந்தப் பெருக்கலை நீக்கியது. ஓர் ஆண்டுத் தொகையே வழக்கின் மதிப்பு என்றானது. அதே விதவைக்கு இப்போது 60 ரூபாயின் மீது 7.5 சதவீதம், நாலரை ரூபாய். ஒரே கோரிக்கை, ஒரே பெண், ஒரே விகிதம். மதிப்பிடும் வாக்கியம் மாறியதும் கட்டணம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வழக்கின் செலவு இயற்கையாக விளைவது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும்.

கணவன் உயிரோடிருக்கும் பெண்ணுக்கு வேறொரு வழி இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். தொகைக்கேற்ற கட்டணம் இல்லை. மனைவியும் குழந்தையும் தெருவுக்கு வந்து அரசுக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்ற கவலைதான் இந்தப் பிரிவின் பிறப்பிடம். எனவே கட்டணத்தை விட்டுக்கொடுத்த சட்டம், தொகைக்கு ஒரு பூட்டுப் போட்டது. 1898-இல் மாதம் 50 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. 1923-இல் அது 100 ஆனது, 1955-இல் 500 ஆனது. அந்த 500 அப்படியே 2001 வரை, 46 ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் அரிசியும் வாடகையும் எத்தனை மடங்கு ஏறின என்பதை எந்தப் பெண்ணும் சொல்வாள். காசு கட்டினால் முழு வழக்கு, காசில்லையென்றால் குறைந்த தொகை என்பதே பெண்கள் முன் வைக்கப்பட்ட தேர்வு. இன்று இதே பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது, வரம்பில்லாமல்.

இந்தச் சிறு வாசல் வழியாக நுழைந்தவர்தான் ஷா பானு. 1978-இல் இந்தூரில், தன்னைக் கைவிட்ட வழக்கறிஞர் கணவரிடம் மாதம் 500 ரூபாய் கேட்டு அவர் மனுச் செய்தார். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1985-இல் மேல்முறையீட்டைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், வழக்குச் செலவாக 10,000 ரூபாய் ஷா பானுவுக்குத் தர வேண்டும் என்றது. இந்த வழக்கின் மத அரசியல் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதன் எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். உச்ச நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீட்டை எதிர்கொள்ள நியாயமான செலவு என்று நீதிபதிகளே மதிப்பிட்ட தொகை, உயர் நீதிமன்றம் தந்த ஜீவனாம்சத்தின் 55 மாதத் தொகைக்கும் மேல். மாஜிஸ்திரேட் தந்த 25 ரூபாயில் பார்த்தால் 400 மாதங்கள், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல். கேட்கும் தொகைக்கும் கேட்பதற்கான செலவுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் காட்டிவிட முடியாது.

ஏழை என்று நிரூபிக்கும் வேலை

‘காசில்லாதவர்களுக்குத்தான் விலக்கு இருக்கிறதே’ என்ற பதில் எப்போதும் உண்டு. கட்டணம் கட்ட முடியாதவர் ‘பாப்பர்’ ஆக மனுச் செய்யலாம் என்று 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 33 சொன்னது. 1976-இல் அந்த அவமானச் சொல் போய் ‘வறியவர்’ என்ற சொல் வந்தது. நடைமுறை பெரிதும் மாறவில்லை. மனுவோடு தன்னுடைய எல்லாச் சொத்துகளின் பட்டியலையும் மதிப்போடு தர வேண்டும். நீதிமன்றம் அவளை விசாரிக்கும். எதிர்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அறிவிப்புப் போகும். அவள் ஏழை இல்லை என்று காட்ட எதிர்தரப்பு சாட்சிகளைக் கொண்டுவரலாம். அதாவது, தன் பணத்தைத் தராமல் ஏமாற்றியவரின் முன்னிலையிலேயே, தன்னிடம் என்ன பாத்திரம் இருக்கிறது, என்ன நகை இருக்கிறது என்று ஒரு பெண் கணக்கு ஒப்பிக்க வேண்டும். முக்கிய வழக்கு தொடங்குவதற்கு முன்பே ஒரு வழக்கு.

நகைப் பேச்சு இதில் சிறு பேச்சில்லை. நிலமும் வங்கிக் கணக்கும் ஆண் பெயரில் இருக்க, பெண்ணின் சொத்து கழுத்திலும் காதிலும் கிடந்தது. 1908-இன் விளக்கம் அவசியமான உடைகளையும் வழக்குக்குரிய பொருளையும் மட்டும் கழித்துவிட்டு மற்றவற்றைக் கணக்கில் சேர்த்தது. 1976-இல்தான், ஜப்தி செய்ய முடியாத பொருள்களை ஏழ்மைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற தெளிவு வந்தது. மத வழக்கப்படி பெண் கழற்ற முடியாத அணிகலன்கள், சமையல் பாத்திரங்கள், படுக்கை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. தாலியை விற்றுக் கட்டணம் கட்டு என்று சட்டம் சொல்லாமலிருக்க இத்தனை காலம் பிடித்தது.

விலக்கும் முழு விலக்கு இல்லை. அது ஒத்திவைப்பு. அவள் வென்றால், கிடைத்த தொகையிலிருந்து கட்டணத்தை அரசு முதலில் எடுத்துக்கொள்ளும். தோற்றால் அவள் கட்ட வேண்டும். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு தருகிறேன் என்று யாரிடமாவது ஒப்பந்தம் செய்து பணம் புரட்டினால் மனுவே நிராகரிக்கப்படும். இப்படி ஓர் ஏழைப் பெண்ணின் பித்தளைக் குடத்தை எண்ணிய அதே கட்டளையின் கீழ், கட்டணம் கட்ட வசதியற்ற நிறுவனமும் வறியவராக வழக்குத் தொடுக்கலாம் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘நபர்’ என்ற சொல்லுக்குள் நிறுவனமும் அடங்கும் என்பது விளக்கம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பெண் வழக்கறிஞர்கள் விஷயத்தில் இதே ‘நபர்’ என்ற சொல் எவ்வளவு சுருங்கியிருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1916-இல் கல்கத்தாவில் ரெஜினா குஹாவும், 1921-இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவும் சட்டம் படித்துவிட்டு வந்து நின்றபோது, வழக்கறிஞராகப் பதிவு செய்யும் தகுதியுள்ள ‘நபர்’ பெண்ணைக் குறிக்காது என்று உயர் நீதிமன்றங்கள் கதவடைத்தன. 1923-ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. நிறுவனத்துக்கு எளிதில் விரிந்த சொல் பெண்ணுக்கு விரியத் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

கணக்கில் வராத செலவு

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கட்டணங்கள் கேள்விக்குள்ளாயின. 1958-இல் எம்.சி. செதல்வாத் தலைமையிலான சட்ட ஆணையம், தன் 14-ஆவது அறிக்கையில், நீதியை நாடுபவர் மீது வரி போடுவதைப் போன்றது இது என்று கண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டணங்கள் தொடர்பான ஜெனித் லாம்ப்ஸ் வழக்கில், 1972-இல், நீதிமன்றக் கட்டணம் பொது வருவாய்க்கான வரி ஆகாது, நீதி நிர்வாகச் செலவோடு அதற்குப் பரந்த தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-இல் மகாராஷ்டிர அரசு, ஜீவனாம்சம், சொத்து, வன்முறை, மணவிலக்கு ஆகியவை தொடர்பான வழக்குகளில் பெண்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்று விலக்களித்தது. தமிழ்நாட்டில் 2017-இல் மதிப்புக்கேற்ற கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது.

இன்று ஒரு பெண் 40,000 ரூபாய் புரோநோட்டுக் கடனைக் கேட்டு வழக்குப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றக் கட்டணம் 1,200 ரூபாய். பழைய விகிதத்தில் 3,000 ஆகியிருக்கும். குறைந்ததுதான், மறுக்க முடியாது. ஆனால் அரசு வாங்கும் கட்டணம் செலவின் முதல் வரி மட்டுமே. வக்காலத்து முத்திரை, அழைப்பாணை சார்பு செய்ய பேட்டா, வழக்கறிஞர் கட்டணம், குமாஸ்தாவுக்கு, நகல் மனுவுக்கு, தட்டச்சுக்கு. தீர்ப்பு வந்தாலும் பணம் கைக்கு வராது. நிறைவேற்று மனு தனியாகப் போட வேண்டும், அதற்கு மறுபடி பேட்டா, மறுபடி நடை.

இவற்றுக்கும் அடியில் ஒரு செலவு இருக்கிறது. ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றும், பதினைந்து வாய்தா என்றும் எடுத்துக்கொண்டால் 7,500 ரூபாய் கூலி போகிறது. நீதிமன்றக் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு. சாட்சி வந்தால் அவருடைய பயணச் செலவையும் படியையும் அவரை அழைத்த தரப்பு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று கட்டளை 16 சொல்கிறது. சாட்சியின் நாளுக்கு விலை உண்டு. வாதியாக வந்து மரத்தடியில் மாலை வரை நிற்கும் பெண்ணின் நாளுக்கு விலை இல்லை. வென்றவருக்குக் கிடைக்கும் செலவுத்தொகையில் அவளுடைய கூலி வழக்கமாக இடம்பெறுவதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள விட்டுவந்த இடத்தில் கொடுத்ததும், வீட்டுக்குத் திரும்பிய பிறகு இரவில் முடித்த வேலையும் இடம்பெறுவதே இல்லை. வீட்டு உழைப்பைத் தேசியக் கணக்கில் சேர்க்காத அதே பழக்கம் வழக்குச் செலவுக் கணக்கிலும் தொடர்கிறது.

இதில் ஒரு முரணையும் கவனிக்க வேண்டும். பணம் கட்டத் தவறிய பெண்ணைக் கைது செய்து உரிமையியல் சிறையில் அடைக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. நல்லதுதான். சட்டம் பெண்ணைக் கடனாளியாகக் கற்பனை செய்து இரக்கம் காட்டியது. அவளே கடன் கொடுத்தவளாக, வரவேண்டிய பணத்தைக் கேட்பவளாக வந்து நிற்பாள் என்று கற்பனை செய்து எந்த ஏற்பாடும் செய்யவில்லை. சீட்டும் கைமாற்றும் பெண்களுக்கிடையே எத்தனை காலமாக ஓடுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த விடுபடல் வியப்பாக இருக்கும்.

வக்கீலைப் பார்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

இந்த வரலாறு நமக்கு இன்று எதற்கு உதவும்? முதலாவதாக, எந்த வாசலில் நுழைகிறோம் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது என்பதைச் சொல்கிறது. வாங்கிய பொருளோ சேவையோ பழுது என்றால், நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஜீவனாம்சத்துக்கு 144-ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டுக்குள் நடந்த வன்முறையோடு பண இழப்பும் நகைப் பறிப்பும் சேர்ந்திருந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடமே நிவாரணம் கேட்கலாம். வெறும் பணக் கோரிக்கை என்றால் வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். நிலுவையிலுள்ள வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதையும், சமாதானம் என்ற பெயரில் பாதித் தொகைக்குத் தலையாட்டச் சொல்வார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இரண்டாவதாக, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். 1995-இல் நடைமுறைக்கு வந்த இதன் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. வருமான வரம்பு இல்லை. ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை, பாத்திரத்தை எண்ணத் தேவையில்லை. பெண் என்பதே தகுதி. வழக்கறிஞர் மட்டுமின்றி நீதிமன்றக் கட்டணமும் இதர செலவுகளும் இந்த உதவிக்குள் அடங்கும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். 1908-இன் ‘பாப்பர்’ மனுவையும் இந்தப் பிரிவையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எண்பது ஆண்டுகளில் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பது தெரியும். இந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது யாரிடமும் பிச்சை கேட்பதாகாது.

மூன்றாவதாக, ஒரு காகிதத்தை இரண்டாக மடித்து நாமே கணக்கு எழுத வேண்டும். ஒரு பக்கம் கட்டணம், முத்திரை, பேட்டா, வக்கீல், நகல், நிறைவேற்று மனு. மறுபக்கம் இழக்கும் கூலி, பேருந்துச் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, எத்தனை ஆண்டு ஆகலாம் என்ற ஊகம். புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு இருப்பதால் தேதியையும் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் எதையெல்லாம் 12-ஆம் பிரிவைக் கொண்டு அடித்துவிட முடியும் என்று பார்க்கலாம். இரண்டாம் பக்கத்தை அடிக்க இன்னும் சட்டம் இல்லை. பெண்ணிய இயக்கத்தின் அடுத்த கோரிக்கை அங்கேதான் தொடங்க வேண்டும்: வென்ற வாதியின் இழந்த கூலியும் பராமரிப்புச் செலவும் செலவுத்தொகையில் சேர வேண்டும், சிறு தொகை வழக்குகளுக்கு வாய்தாக்களின் எண்ணிக்கைக்கு உண்மையான வரம்பு வேண்டும்.

ஜீவனாம்சத்தைப் பத்தால் பெருக்கச் சொன்ன வாக்கியம் 85 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தது. பிறகு ஒரு நாள் அதை அடித்துவிட்டு வேறு வாக்கியம் எழுதினார்கள். சுமைகூலியை நிர்ணயிப்பது சந்தை இல்லை, சட்டசபை. இன்று அந்தச் சட்டசபையைத் தேர்ந்தெடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள்.